தயவு சாரின் குரல்

தயவு சாரை என்னைப் போல யாராலும் பேசிக் காட்ட முடியாது. பீற்றிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. விசாரணை அறிக்கையின் நான்காம் பக்கத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது, கையெழுத்தும் முத்திரையுமாக.

நாங்கள் பாட்டில் மூடி செய்கிறவர்கள். தண்ணீரோ இருமல் மருந்தோ எண்ணெயோ, திறந்தவுடன் நீங்கள் எங்கேயோ தொலைக்கிற அந்தச் சின்ன வட்டம்தான் எங்கள் பிழைப்பு. பிளாஸ்டிக்கை உருக்கி மூடியாக வார்க்கிற அச்சு இயந்திரங்கள் பதினெட்டு. அதில் ஆறுக்கு நான் மேற்பார்வையாளன். வாய் ஓயாது என்பதால் 'ரேடியோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோபம் வந்தால் என் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

தயவு சார் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. தினமும் காலை ஏழரைக்கு ஒலிபெருக்கியில் வருவார். "தயவுசெய்து கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஓட வேண்டாம். தயவுசெய்து இயந்திரம் முழுதாக நின்ற பிறகு கையை உள்ளே விடுங்கள்." முப்பத்தொரு வருடம், ஒரு நாள் தப்பாமல். அதனால்தான் அந்தப் பெயர். யாரையும் 'நீ' என்று சொல்ல மாட்டார். கூட்டிப் பெருக்குகிறவரும் 'நீங்க', மேனேஜரும் 'நீங்க'. கேன்டீன் பூனை வழியில் படுத்திருந்தால் அதையும் "கொஞ்சம் நகருங்க" என்பார். பூனையும் நகரும்.

அந்த மரியாதை எனக்கு எரிச்சலாக இருக்கும். திட்டுகிற அதிகாரியைப் பதிலுக்கு மனதுக்குள் திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம். இவரை என்ன செய்வது? ஒருமுறை கையுறை இல்லாமல் மாட்டிக்கொண்டேன். "தம்பி, தயவுசெய்து உங்க விரலைப் பத்திரமா வெச்சுக்கோங்க, எனக்கு அது வேணும்" என்றார். என் விரல் இவருக்கு எதற்கு? அன்றைக்கு மதியம் கேன்டீனில் முதல் தடவையாக அவரைப் போலப் பேசிக் காட்டினேன். கூடம் அதிர்ந்தது.

வித்தை பெரிதல்ல. மூக்கை லேசாக அடைத்துக்கொள்ள வேண்டும். 'தயவு'வை இழுத்து 'செய்து'வை விழுங்க வேண்டும். வாக்கியம் முடிவதற்குள் ஒரு குட்டி இருமல். அதற்கு மேல் என் சொந்தச் சரக்கு. "தயவுசெய்து தும்மும்போது ஹெல்மெட் அணியவும்." "தயவுசெய்து மனைவியிடம் பேசும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்." நாள் போகப் போக அவர் வாயில் 'டா'வைப் போட்டேன். அதுதான் உச்சம். "தயவுசெய்து கையை எடுடா" என்றால் போதும், அந்தப் பெரிய மனிதர் 'டா' போடுகிறாரே என்று சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஒரு நாள் அவர் பின்னால் நின்று கேட்டுவிட்டார். "என்னைவிட நீங்க நல்லா சொல்றீங்க தம்பி" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால் அன்றோடு விட்டிருப்பேன்.

அவருக்கு ஓய்வு நாள் வந்தது. போகும்போது நிர்வாகத்திடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, பணிச் சான்றிதழில் ஒரு வரி. 'இவருடைய பணிக்காலத்தில் எவருக்கும் உறுப்பு இழப்பு நேரவில்லை.' உண்மையான வரி. அதைக் காட்டினால் அடுத்த மாதத்திலிருந்து பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்க இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காக இரண்டு வெள்ளைச் சட்டை தைத்துவிட்டார். அந்த வரியை எங்கள் எல்லோரிடமும் ஒவ்வொருவராகச் சொன்னார், குழந்தை ரேங்க் கார்டைக் காட்டுகிற மாதிரி.

வழியனுப்பு விழாவுக்கு பார்ட்டி பஸ் என்று முடிவானது. யோசனை என்னுடையது. பாதுகாப்பு அதிகாரியை ஆட்டம் போடுகிற பஸ்ஸில் ஏற்றினால் எப்படி இருக்கும் என்று நினைத்தபோதே எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை. மேனேஜர் சம்மதித்தார், ஆனால் அவர் வரவில்லை.

"ஐயா, இது டியூட்டி நேரத்துல சேருமா?" என்று தயவு சார் மேனேஜரிடம் கேட்டார்.

"அஞ்சு மணி வரைக்கும் டியூட்டிதான் சார். ஏன்?"

"இல்ல, தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு."

ஐந்து மணி வரை எங்கள் இருபத்தெட்டு பேருடைய கையும் காலும் அவர் கணக்கில். அதற்குத்தான் கேட்டிருக்கிறார்.

பஸ் வந்து நின்றதும் நாங்கள் முண்டியடித்து ஏறினோம். அவர் மட்டும் டிரைவரோடு வண்டியைச் சுற்றி வந்தார். உள்ளே இரண்டு பக்கமும் நீள இருக்கைகள், நடுவில் பிடித்து ஆட ஒரு கம்பி, ஜன்னலெல்லாம் தடித்த திரை. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. கூரை முழுக்க மினுக்கும் பல்புகள். புகை கக்குகிற பெட்டி ஒன்று. முன்னால் ஒரு மேடை, அதன் மேல் கம்பியில்லாத இரண்டு மைக். டிரைவருக்கும் எங்களுக்கும் நடுவே கறுப்புக் கண்ணாடி. நாங்கள் அவர் கண்ணுக்குத் தெரிய மாட்டோம், ஸ்பீக்கர் மட்டும் கேட்கும்.

பின்கதவின் ரப்பரைத் தயவு சார் விரலால் தடவிப் பார்த்தார்.

"இதைத் தொட்டுப் பார்த்த மொத ஆளு நீங்கதான் சார்" என்றார் டிரைவர். "கொஞ்சம் கோளாறு இருக்கு. இந்தப் பட்டனை அமுக்கினா ஓடும்போதும் திறந்துக்கும். மூடினாலும் சில சமயம் முழுசா மூடாது. முதலாளிகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். கதவு சரியா மூடலன்னா மேல சிவப்பு பல்பு எரியும். மத்ததெல்லாம் மினுக்கும், அது மட்டும் நின்னு எரியும். அப்படி எரிஞ்சா மைக்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, அந்த இடத்துலயே நிறுத்துறேன்."

வண்டி கிளம்பும் முன் சுவரில் ஒட்டியிருந்த விதிகளைத் தயவு சார் மைக்கில் வாசித்தார். "தயவுசெய்து வண்டி ஓடும்போது உட்கார்ந்திருங்கள். தயவுசெய்து பின்கதவுப் பட்டனைத் தொட வேண்டாம். தயவுசெய்து ஓட்டுநரிடம் மரியாதையாகப் பேசுங்கள்." நான் இன்னொரு மைக்கை எடுத்து அவர் குரலிலேயே தொடர்ந்தேன். "தயவுசெய்து சந்தோஷப்பட வேண்டாம். சந்தோஷம் வழுக்கும்." பஸ்ஸே குலுங்கியது. இரண்டு குரலையும் பிரிக்க முடியவில்லை என்று கத்தினார்கள். தயவு சாரும் சிரித்தார்.

இந்த இடத்தில் நான் செய்ததை எழுதியே ஆக வேண்டும். முதல் சிக்னலில் முன்கதவு வழியாக இறங்கி ஓடிப் போய் டிரைவர் ஜன்னலைத் தட்டினேன்.

"அண்ணே, உள்ள இருந்து 'நிறுத்துங்க, நிறுத்துங்க'ன்னு ஒரு குரல் வரும். மூக்கடைச்ச குரல். கண்டுக்காதீங்க, நான்தான். காமெடி."

"வாசிச்சாரே, அந்தப் பெரியவர் குரல் மாதிரியா?"

"அதேதான்."

"சரி தம்பி. ஆனா வேற யாராவது சொன்னா நிறுத்துவேன்."

தயவு சார் பின்கதவை ஒட்டிய இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். பட்டனைக் காவல் காக்க. கதவின் மேல் திரை தொங்கியதால் பட்டன் இருக்கிற இடம் பாதிப் பேருக்குத் தெரியாது. அவருக்கு எதிரே ஸ்டோர்ஸ் அக்கா. கையுறை, கண்ணாடி, முகமூடி எல்லாம் அவர் ஜன்னல் வழியாகத்தான் எங்களுக்கு வரும். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார். அந்தப் பஸ்ஸில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.

நாலரை மணிக்கு கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். "இங்கயே கொண்டு வாங்களேன்" என்றார் தயவு சார். "தயவுசெய்து முன்னால் வரவும், கேக் ஓடாது" என்றேன் நான், அவர் குரலில். எல்லோரும் கை தட்டினார்கள். எழுந்தார். என் தோளைத் தொட்டார்.

"தம்பி, அஞ்சு நிமிஷம் நீங்க இங்க நில்லுங்க. பட்டன் பக்கம் யாரையும் விடாதீங்க. தயவுசெய்து."

"போங்க சார், நான் பாத்துக்குறேன்."

அவர் முன்னால் போன மறு நிமிடம், பேக்கிங்கில் வேலை செய்கிற இரண்டு பேர் கை நிறைய வண்ணக் காகிதத்தோடு வந்தார்கள். "ரேடியோ அண்ணே, ஒரே ஒரு தடவை. வெளிய பறக்க விட்டுட்டு மூடிடுறோம்." சீக்கிரம் என்றேன். திறந்தார்கள், காகிதம் பறந்தது, மூடினார்கள். திரையை இழுத்துவிட்டேன். மூடியதா என்று ரப்பரைத் தொட்டுப் பார்க்கவில்லை. அதெல்லாம் தயவு சார் பார்க்கிற வேலை.

பிறகு எனக்கு ஸ்டோர்ஸ் அக்கா கண்ணில் பட்டார். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு. எனக்கு ஏனோ அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மைக்கை எடுத்தேன்.

"தயவுசெய்து ஸ்டோர்ஸ் அக்கா எழுந்து ஆடவும். ஆடாதவர்களுக்கு நாளை முதல் கையுறை கிடையாது."

"ஐயோ, என்னை விடுங்க" என்றார்.

"தயவுசெய்து வெட்கத்தை ஸ்டோர்ஸில் ஒப்படைக்கவும்."

பஸ் முழுவதும் திரும்பிவிட்டது. "அக்கா! அக்கா!" என்று தாளம் போட்டார்கள். பெல்ட்டை நானே கழற்றினேன். எழுந்தார். முதலில் கையை மட்டும் அசைத்தார், பிறகு தோள், பிறகு சிரிப்பு. அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. நான் அவருக்குப் பக்கத்தில் கூட்டத்தைப் பார்த்து நின்றேன். கூட்டம் எங்களைப் பார்த்து நின்றது. அவர் முதுகுக்குப் பின்னால் பின்கதவின் திரை.

அப்போது ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது.

"கதவு திறந்திருக்கு! வண்டியை நிறுத்து!"

எல்லோருடைய கண்ணும் என் மேல் இருந்தது. மைக் என் வாயருகே இருந்தது. முன்னால் மேடையில், கூட்டத்தின் தலைகளுக்கு அப்பால், கேக் கத்தி ஒரு கையிலும் மைக் இன்னொரு கையிலுமாகத் தயவு சார் நின்றதை நான் ஒருவன்தான் பார்த்தேன். அவர் கண், கூரையில் மினுக்காமல் நின்று எரிந்த ஒரு சிவப்பு பல்பின் மேல் இருந்தது. மற்ற எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். குரல் என்னுடையது என்று நினைத்து வெடித்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்த சிரிப்பு. அதை எப்படி விடுவது?

"நிறுத்துடா! கதவுகிட்ட ஆள் நிக்கிறாங்க, நிறுத்துடா!"

நான் வாயசைத்தேன். அவர் கத்தக் கத்த, மைக்கில் நானே கத்துகிற மாதிரி, கண்ணை உருட்டி, கழுத்து நரம்பைப் புடைத்து வாயசைத்தேன். 'டா' வந்ததும் பஸ்ஸில் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா சிரிப்பு தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

வண்டி இடது பக்கம் திரும்பியது. திரை ஒருமுறை வெளிப்பக்கமாக உப்பியது. அக்கா இருந்த இடத்தில் வெயில் வந்தது.

நிறுத்து என்று பிறகு இருபது பேர் என் மைக்கைச் சுற்றி நின்று கத்தினார்கள். வேறு வேறு குரல். டிரைவர் உடனே நிறுத்தினார்.

தயவு சார்தான் முதலில் இறங்கி ஓடினார். புதுச் சட்டையைக் கழற்றி அக்காவின் காலை இறுக்கிக் கட்டினார். பனியனோடு சாலையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "கண்ணை மூடாதீங்க. தயவுசெய்து மூடாதீங்க. இதோ வண்டி வந்துடும்." மணி நாலு நாற்பது. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். கையில் மைக் இருந்தது, அதை எதற்காகக் கீழே கொண்டு வந்தேன் என்று தெரியவில்லை.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். யாரோ போனில் எடுத்த வீடியோப் படம் அவரிடம் இருந்தது. இருட்டு, புகை, தலைகள், நடுவே அந்தக் குரல்.

"இது யாரு குரல்?" என்றார்.

நான் போனை அவர் பக்கமே திருப்பி வைத்தேன்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. இது அவர் குரல்னா, பாதுகாப்பு அதிகாரி எச்சரிச்சும் நம்ம ஆளுங்க கேலி பண்ணியிருக்காங்க. டிரைவர்கிட்ட கண்டுக்காதேன்னு யார் சொன்னாங்கன்னு கேள்வி வரும். போலீஸ் வரைக்கும் போகும். இது உங்க குரல்னா, விளையாட்டுக்கோ என்னவோ, நீங்க எச்சரிச்சிருக்கீங்க. டிரைவர் நிறுத்தல. அதிகாரி கேக் வெட்டிட்டு இருந்திருக்காரு." தண்ணீர் குடித்தார். "அவர் எப்படியும் வீட்டுக்குப் போறவரு. உங்களுக்கு இன்னும் இருபது வருஷம் இருக்கு."

மேனேஜர் என் போனுக்கும் அனுப்பியிருந்த அந்தப் படத்தை வீட்டில் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். என்ன சொல்கிறாள் பார்க்கலாம் என்றுதான். அவள் பாதியிலேயே போனைத் தள்ளிவிட்டாள்.

"இது நீங்க இல்லையே."

"அது எப்படி அவ்வளவு உறுதியா சொல்ற?"

"நீங்க பேசினா எனக்குச் சிரிப்பு வரும்."

மேனேஜர் சொன்னதை அவளிடம் சொன்னேன். வெகுநேரம் பிள்ளைகளின் சீருடையை மடித்துக்கொண்டே இருந்தாள். "அப்ப நீங்கன்னே சொல்லிடுங்க" என்றாள், என்னைப் பார்க்காமல். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்று வாரம் கழித்து விசாரணை நடந்தது. கூட்ட அறையில் நீள மேசை. மேனேஜர், வெளியிலிருந்து வந்த ஆய்வாளர், குறிப்பெடுக்கிற ஒரு பெண். பஸ்ஸில் வந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. "ரேடியோதான் சொன்னாரு. வாயசைஞ்சதை நானே பார்த்தேன்." "தயவு சார் சாகப் போனாலும் 'டா' போட மாட்டார் சார். 'டா' வந்தா அது ரேடியோ." அவர் மேல் இருந்த மரியாதையில்தான் இதைச் சொன்னார்கள். இருபத்தைந்து பேர், ஒருவர் பின் ஒருவராக, அவரைப் புகழ்ந்து புகழ்ந்தே குழிக்குள் இறக்கினார்கள்.

டிரைவர் வந்தார். "அந்தக் குரல் கேட்டா கண்டுக்காதேன்னு இந்தத் தம்பிதான் சொன்னாரு. தம்பிதான் பேசுதுன்னு நெனச்சேன்." பார்த்தீர்களா, இவரும் மேற்பார்வையாளர் குரல் என்றுதானே சொல்கிறார் என்று மேனேஜர் எழுத வைத்தார்.

ஸ்டோர்ஸ் அக்காவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். மடியில் அதே கைப்பை.

"எனக்கு ஆளைத் தெரியலைங்க. அந்தக் குரல்தான் என்னை ஆடச் சொல்லுச்சு. அந்தக் குரல்தான் நிறுத்தச் சொல்லுச்சு. ரெண்டும் ஒருத்தர்னுதான் நெனச்சேன்."

கடைசியில் தயவு சார். இரண்டாவது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அன்றைக்குக் கத்தியதில் தொண்டை கட்டியது, இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.

"அது என் குரல்தாங்க" என்றார்.

"அப்படின்னா அதே வாக்கியத்தை ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க" என்றார் ஆய்வாளர்.

தயவு சார் எழுந்து நின்றார். சட்டைக் கையைச் சரிசெய்தார். ஆய்வாளரைப் பார்த்தார், குறிப்பெடுக்கிற பெண்ணைப் பார்த்தார்.

"தயவுசெய்து... கதவு திறந்திருக்கு. வண்டியை நிறுத்துங்க."

"பதிவுல 'தயவுசெய்து' இல்லையே சார். 'நிறுத்துங்க'ன்னும் இல்ல. இருக்கிற மாதிரியே சொல்லுங்க."

"கதவு திறந்திருக்கு. வண்டியை நிறு..." நின்றார். தொண்டையைச் செருமினார். "வண்டியை நிறுத்து..." என்று இழுத்து, "ங்க" என்று முடித்தார். அவரையும் அறியாமல் வந்துவிட்டது. குறிப்பெடுக்கிற பெண் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிக்கணும். உங்க முன்னாடி நின்னுக்கிட்டு எனக்கு அப்படி வர மாட்டேங்குது. அன்னைக்கு அந்த அம்மா அங்க நின்னாங்க, அதான் வந்துச்சு" என்றார்.

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

நான் எழுந்து, மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "கதவு திறந்திருக்கு! வண்டியை நிறுத்து! நிறுத்துடா!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூச்சு வாங்குகிற இடம்கூடப் பிசகவில்லை. என் வாழ்க்கையிலேயே அவரை அவ்வளவு சுத்தமாக நான் பேசிக் காட்டியதில்லை. ஸ்டோர்ஸ் அக்கா இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். தயவு சார் நின்றபடியே மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் உட்காரலாமா?" என்று கேட்டார்.

நான்காம் பக்கம் அப்படித்தான் வந்தது. பதிவிலுள்ள குரல் மேற்பார்வையாளருடையது, அவர் எச்சரித்துள்ளார், பாதுகாப்பு அதிகாரி எச்சரிக்கத் தவறினார். சான்றிதழை அந்த வரி இல்லாமல் அடித்துக் கொடுத்தார்கள். பயிற்சி நிலையத்திலிருந்து இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்ததாகக் கேள்வி. டிரைவருக்கு வேலை போனது.

விசாரணை முடிந்து அன்றைக்கு நான் வெளியே வந்தபோது, வராந்தாவில் தயவு சார் எனக்காகக் காத்திருந்தார். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"தம்பி, அந்தப் பதிவுல 'தயவுசெய்து' இல்ல. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன் சார்."

"எப்போ?"

அந்த ஒரு வார்த்தைக்கு நான் தயாராக இருக்கவில்லை.

"இங்கதான் சார். இப்போ உள்ள போட்டுக் காட்டினப்போ."

அவர் மூச்சை விட்டார். பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர் போல முகம் தளர்ந்தது.

"அப்பாடா. அன்னைக்கே தெரிஞ்சும் சும்மா இருந்துட்டீங்களோன்னு மூணு வாரமா மனசைப் போட்டுக் குடைஞ்சுக்கிட்டு இருந்தேன். நான்தான் தப்பா நெனச்சுட்டேன். பயத்துல மாத்திச் சொல்லிட்டீங்க, உங்களுக்கும் குடும்பம் இருக்கு, அது வேற." என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒருமுறை பார்த்தார். "இன்னொண்ணு. அன்னைக்கு உங்க எல்லாரையும் 'டா' போட்டுக் கத்திட்டேன். முப்பத்தொரு வருஷத்துல ஒரே தடவை. மன்னிச்சிடுங்க."

எனக்கு முதல் கத்தலிலேயே தெரியும். 'தயவுசெய்து' இல்லாமல் அந்தக் குரல் வந்த அந்த நொடியிலேயே தெரியும். அவர் மனைவியைவிட எனக்குத்தான் அந்தக் குரலை நன்றாகத் தெரியும். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்துதான் வாயசைத்தேன். அக்காவின் கை என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இன்னும் ஒரு சிரிப்பு மிச்சம் இருக்கிறதே என்று பார்த்தேன். இதை நான் வராந்தாவில் சொல்லவில்லை. "பரவால்ல சார்" என்றேன்.

அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. ஒலிபெருக்கியில் பழைய குரல் வந்தால்தான் ஆட்கள் காதில் வாங்குகிறார்கள், கொஞ்ச நாளைக்கு நீங்களே பேசிவிடுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தினமும் ஏழரைக்கு மூக்கை அடைத்துக்கொள்கிறேன். தயவுசெய்து கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஓட வேண்டாம். ஒருவர்கூடச் சிரிப்பதில்லை. ஸ்டோர்ஸ் ஜன்னலில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், கையுறைகளை எண்ணாமலே எடுத்துத் தள்ளுகிறாள்.

நேற்று கேன்டீனுக்குப் போகிற வழியில் அந்தப் பூனை குறுக்கே படுத்திருந்தது. என் சொந்தக் குரலில் விரட்டினேன், அசையவில்லை. அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் நகருங்க" என்றேன், அவர் குரலில். எழுந்து வழிவிட்டது.